சாப்பிடாத வாய்

நுரைக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவனைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வண்டி கழுவுகிற கடை வைத்திருப்பவன் சோப்பைக் கொஞ்சம் அளந்து போட வேண்டாமா? ஒரு கார் வந்து நின்றால் அதன் நிறம் என்னவென்று சொந்தக்காரருக்கே மறந்துபோகும் அளவுக்கு நுரையை அடித்து மூடிவிடுவான். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரின் ஸ்டூல் வரைக்கும் அது மிதந்து போகும். கேட்டால், "நுரை வந்தாத்தான் அழுக்குப் போகுதுன்னு கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்" என்பான். கஸ்டமருக்கு வந்ததோ இல்லையோ, அவனுக்கு அந்த நம்பிக்கை ரத்தத்தில் ஊறிவிட்டது. அதே நம்பிக்கை ஒருநாள் அவன் அண்ணன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அண்ணன் பஸ் டிப்போவில் ஃபோர்மேன். இருபத்தெட்டு வருடம் ஒரே ஷெட்டில் நின்றவர். பஸ் உறுமுகிற சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தம்பிக்கும் அங்கேயே வேலை வாங்கித் தந்தார். மேலதிகாரியிடம், "என் தம்பிக்கு நான் பொறுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித்தான் வாங்கினார். தம்பி இரண்டே வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, வண்டி கழுவப் போய்விட்டான். அதைக்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டார். கடை எப்படித்தான் நடக்கிறது பார்ப்போமே என்று ஒருநாள் வந்தார். அவர் வந்த நேரம், ஒரு கஸ்டமர் கண்ணாடியில் ஏதோ திட்டு இருக்கிறதென்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். தம்பியோ பல்லைக் காட்டிக்கொண்டு முழு வண்டியையும் மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனுக்குச் சுள்ளென்று ஏறியது.

"உன் மூஞ்சியில எவன் துப்பினாலும் தொடச்சிட்டுப் போற ஜென்மம்டா நீ. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

கஸ்டமரிடம் வராத ரோஷம் அண்ணனிடம் மட்டும் நுரைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருடம் அந்த வாசப்படியை மிதிக்கவில்லை. நடுவில் அண்ணி எத்தனையோ தடவை தூது போய்ப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், அசைந்து கொடுக்கவில்லை.

அசைத்தது பக்கவாதம். ஷெட்டில் ஒரு பஸ்ஸின் அடியில் இருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. கூடவே விழுங்கவும் மறந்துபோனார். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போனது. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, சாப்பாட்டைக் கூழாக்கி அதில் ஊற்றச் சொன்னார்கள். அண்ணி போன் செய்தார்.

"தம்பி, இவரைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆள் இல்லாம நிக்கிறேன். உங்க கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப வாங்க."

ஷாம்பு வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கோபம் எந்தத் தெரு முனையில் கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. விடியும் முன்பே போனால் மத்தியானம்தான் வருவார். அந்தச் சம்பளம் இல்லாமல் வீடு நகராது. அதனால் காலை நேரம் நுரையுடையது என்று ஆயிற்று. சாயங்காலமும் கடையை எடுபிடிகளிடம் விட்டுவிட்டு ஒரு எட்டு வந்துவிடுவான். துடைப்பான், உடை மாற்றுவான், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பான், குழாயில் கூழ் ஊற்றுவான். முதுகில் ஒரு சின்னப் புண்கூட வரவில்லை என்று அவனுக்குப் பெருமையான பெருமை. வாயை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. உதட்டை ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. சாப்பிடாத வாயை எதற்குத் தேய்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டார். நியாயம்தானே என்று நுரையும் தலையாட்டினான். நியாயம் மாதிரித்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம். மறுபடி ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன், ஊசி. பத்து நாள் கழித்து டாக்டர் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டார். நெஞ்சுல இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்குவாரான்னு சொல்ல முடியாது. ஆறு வாரம் டைம் தரேன். அதுக்குள்ள காய்ச்சல் வராம, விழுங்கறதும் தேறிச்சுன்னா மூக்குக் குழாயை எடுத்துடலாம். இல்லேன்னா வயித்துல ஓட்டை போட்டு நிரந்தரமா ஒரு குழாய் வைக்கணும். அப்புறம் வாயால சாப்பாடுங்கறதை மறந்துட வேண்டியதுதான்."

அண்ணன் பேச்சுப் போனவரே தவிர, காது போனவர் இல்லை. நல்ல கையான இடது கையால் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டிப்போ கேன்டீனில் டீ கொஞ்சம் ஆறிப் போயிருந்தாலும் கிளாஸைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். ருசி தெரிந்து வாழ்ந்தவர். அந்தக் கையைக் கோட்டிலிருந்து பிரித்து எடுக்க நுரைக்கு மனசே வரவில்லை.

டாக்டர் போனதும் ஒரு நர்ஸ் வந்தார். குட்டையான உருவம், கணீரென்ற குரல். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வாயைப் பார்ப்பதுதான் அவர் வேலை என்பதால் வார்டில் அவருக்கு 'வாய் நர்ஸ்' என்று பெயர். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் நுரைக்குப் புரிந்தது. முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்று நுரை பெருமையடித்துக்கொண்டிருக்க, அவர் டார்ச் அடித்து, மரக்குச்சியால் அண்ணனின் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். நாக்கின் மேல் பழுப்பாக ஒரு தடிப்பு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மாவு மாதிரி அப்பிக் கிடந்தது. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

"கடைசியா எப்ப பல் தேய்ச்சு விட்டீங்க?"

நுரை அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

"வாயால எதுவும் சாப்பிடறதே இல்லையே சிஸ்டர்..."

"சாப்பிடாத வாய்தாங்க சீக்கிரம் கெடும்! நாம மெல்லும்போது எச்சில் ஊறும். அந்த எச்சில்தான் நாள் பூரா வாயைக் கழுவிட்டு இருக்கு. இவர் மெல்லறதும் இல்லை, எச்சிலும் சரியா ஊறலை. கிருமி ஈறு ஓரமா குடித்தனம் பண்ணிடுச்சு. அது தூக்கத்துல எச்சிலோட சேர்ந்து சொட்டுச் சொட்டா நெஞ்சுக்குள்ள இறங்குது. முதுகுல புண்ணு வரலைன்னு சொன்னீங்களே, சந்தோஷம். புண்ணை எல்லாம் வாய்க்குள்ள வளத்து வச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டு, எப்படித் தேய்க்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து நுரைக்குப் போன். மோட்டார் நின்றுவிட்டதாம். ஒரு காதில் மோட்டார், ஒரு காதில் நர்ஸ். எல்லாம் புரிந்த மாதிரி பலமாகத் தலையாட்டி வைத்தான். பல் தேய்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கப் போகிறது?

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் அந்த வித்தை தெரிந்தது. புது பிரஷ் எடுத்தான். அண்ணனுக்குச் செய்கிற காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கென்று, பிரஷ் நீளத்துக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கினான். அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தபடியே தேய்க்க ஆரம்பித்தான். நுரை வந்தது. நன்றாக வந்தது. வாய் நிறைந்து கடைவாய் வழியாக வழிகிற அளவுக்கு வந்தபோது அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அடுத்த நொடி அண்ணன் கண்கள் பிதுங்கின. துப்பத் தெரியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை. நுரை உள்ளே போய் மூச்சை அடைத்துக்கொண்டது. முகம் நீலம் பாய்ந்தது. இடது கை கட்டில் சட்டத்தைப் பட்பட்டென்று அடித்தது.

அவரைப் பக்கவாட்டில் புரட்டி, விரலை விட்டு நுரையை வழித்து, முதுகைத் தட்டி, "அண்ணே, அண்ணே" என்று கத்தியதெல்லாம் அவனுக்குக் கோர்வையாக நினைவில்லை. நான்கைந்து இருமல் வந்தது. அப்புறம் மூச்சு வந்தது. அதற்கும் அப்புறம் அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், டிப்போவில் பிரேக் சரியாகப் போடாத மெக்கானிக்கைப் பார்க்கிற பார்வை. நுரை தரையில் உட்கார்ந்து அழுதான்.

அண்ணி வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வாய் நர்ஸின் முன்னால் நின்றான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்க பல் தேய்ச்சீங்களா, கார் கழுவினீங்களா?"

"சிஸ்டர்... நான் கார்தான் கழுவறேன். அதுதான் என் தொழில்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார்.

"சரி, உங்க தொழில்லயே கேக்கறேன். எவ்வளவு நுரை அடிச்சாலும் கார்ல எந்த இடத்து அழுக்கு போகாது?"

நுரை யோசிக்கவே இல்லை. "கண்ணாடியைச் சுத்தி ரப்பர் இருக்கே, அந்த ஓரம். நுரையெல்லாம் மேலாக்கப் போயிடும். சின்ன பிரஷை ரப்பர் ஓரத்துல சாய்ச்சு வச்சு, மெதுவா சுத்திச் சுத்தி எடுத்தாத்தான் வரும். அழுத்தித் தேய்ச்சா ரப்பர் கிழிஞ்சிடும்."

"அவ்வளவுதாங்க. பல்லு கண்ணாடி, ஈறு ரப்பர். நான் அன்னிக்குச் சொன்னதைத்தான் நீங்க இப்ப எனக்குச் சொல்றீங்க."

அப்படி ஒரு மரியாதையை நுரையின் தொழிலுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. இந்தத் தடவை போனை அணைத்துவிட்டுக் கேட்டான். குழந்தைகளுக்கான சின்ன, மெத்தென்ற பிரஷ். பேஸ்ட் ஒரு அரிசி அளவு, அதுவும் நுரைக்காத ரகம். பிரஷை நனைத்து நன்றாக உதறிவிட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. ஆளை நேராக உட்கார வைத்து மோவாயைக் கீழே இறக்க வேண்டும். விழுந்துபோன வலது கன்னத்துக்குள் எது கிடந்தாலும் அவருக்குத் தெரியாது, அதனால் சல்லடைத் துணியை விரலில் சுற்றி அந்தக் கன்னப் பையைத் துழாவி எடுக்க வேண்டும். நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் வழிக்க வேண்டும். இரண்டு வேளை, ஒரு வேளை தப்பாமல்.

"முடிச்சதும் வாயில சேர்ற எச்சிலைத் துப்பச் சொல்லுங்க," என்றார் நர்ஸ். "தண்ணி ஊத்திடாதீங்க. வர்ற எச்சிலை மட்டும். முதல்ல அவரால முடியாது, தானா வழியும், துடைச்சு விடுங்க. ஆனா தினமும் சொல்லுங்க. துப்பறதுக்கு உதடு மூடணும், நாக்கு தள்ளணும், மூச்சு சேரணும். விழுங்கறதுக்கும் இதெல்லாம் வேணும். என்னைக்கு அவர் தானா துப்பறாரோ, அன்னைக்கு எனக்கு நம்பிக்கை வரும்."

மறுநாள் காலை அண்ணன் வாயைத் திறக்கவில்லை. சூடு கண்ட பூனை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். நுரை பிரஷை அவர் கண் முன்னால் நீட்டி, அரிசி அளவு பேஸ்ட்டைக் காட்டினான்.

"பாருங்கண்ணே. இவ்வளவுதான். இதுல நுரையே வராது. உங்க மேல சத்தியமா வராது."

அண்ணன் பிரஷைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அப்புறம் கதவிடுக்கு திறக்கிற மாதிரி கொஞ்சமாகத் திறந்தார். நுரை ஒவ்வொரு பல்லாக, ரப்பர் ஓரத்தில் சாய்த்து, சுற்றிச் சுற்றி எடுத்தான். முழு வாயையும் முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. ஒரு காரையே அவன் அதற்குள் கழுவிவிடுவான்.

மூன்றாம் நாள் பிரஷ் முழுக்க ரத்தம். நுரை பிரஷை வெளியே எடுத்துவிட்டான். புண்ணான இடத்தை நோண்டுவதா? அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தான். ஆனால் ஒருதரம் தலையாட்டி அவன் பட்டது போதாதா? போன் போட்டுக் கேட்டான்.

"தேய்க்கறதால ரத்தம் வரலை. இத்தனை நாள் தேய்க்காததால வருது," என்றார் நர்ஸ். "மெதுவா பண்ணுங்க, ஆனா விடாதீங்க. நிறைய வந்தாலோ நிக்காம வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க. ரத்தம் வருதேன்னு நிறுத்தறவங்களுக்குத்தான் பல்லு போகும்."

பத்தாம் நாள் ரத்தம் நின்றது. ஈறு வெளுத்த ரோஜா நிறத்துக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி நுரை தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தன் உதட்டை விலக்கிப் பார்த்தான். அவன் ஈறும் பல வருடமாக ரத்தம் கசிகிற ஈறுதான். ஊருக்கு உபதேசம் நமக்கு இல்லை என்று நாற்பது வயது வரை ஓட்டிவிட்டான். அன்று முதல் அவனும் அரிசி அளவுக்கு வந்தான். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை என்றும் வைத்துக்கொண்டான். கடையில் வேலை செய்பவர்களுக்கும் ஆளுக்கொரு மெத்தென்ற பிரஷ் வாங்கிக் கொடுத்தான். முதலாளிக்கு என்ன ஆயிற்றோ என்று அவர்கள் பயந்தார்கள்.

ஒருநாள் கன்னப் பையைத் துழாவும்போது அண்ணன் விரலைக் கடித்துவிட்டார். வேண்டுமென்று இல்லை, வாய் தானாக மூடிக்கொண்டது, திறக்க வரவில்லை. நுரைக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. விரலை இழுத்தால் பல் ஆடும் என்று இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, மோவாயைத் தடவித் தடவி விடுவித்தான். விரலில் நாலு பல் தடம்.

"ஒன்பது வருசக் கோபமும் இதோட தீந்துச்சா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?"

அண்ணன் கண் கலங்கியது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பாதி முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இடது கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. அந்தக் கால் மணி நேரங்களுக்கு நுரை மனசுக்குள் நன்றி சொல்லாத நாளில்லை. ஒன்பது வருடம் பார்க்காத முகத்தைத் தினம் இரண்டு வேளை, ஒரு சாண் தூரத்தில் பார்க்கக் கிடைத்தது. அண்ணன் புருவம் நரைத்ததே அவனுக்கு அப்போதுதான் தெரியும். ஆயிரம் பேசியிருந்தாலும் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்க முடியாது.

எல்லாம் சரி, துப்பல் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தை மோவாய்க்குக் கீழே பிடித்து, "துப்புங்கண்ணே" என்பான். தானே உதட்டைக் குவித்துச் செய்து காட்டுவான். ஒருநாள் செய்து காட்டிய வேகத்தில் அண்ணியின் சேலை மேலேயே துப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அண்ணனுக்கோ எச்சில் கடைவாயில் வழியும், அவ்வளவுதான். நான்காவது வாரம் போனது. ஐந்தாவதும் போனது. காய்ச்சல் வரவில்லை, அது பெரிய கொடுப்பினை. ஆனால் வயிற்றுக் குழாய்க்கான காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயாராக வரும்படி சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அதையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அண்ணி அதை யாரிடமும் காட்டாமல் கைப்பைக்குள் வைத்திருந்தார். நுரை பார்த்துவிட்டான்.

சோதனை நாள் காலை. அண்ணி வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வண்டி எட்டு மணிக்கு வரும். நுரை ஏழு மணிக்கே அண்ணனை உட்கார வைத்து ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகத் தேய்த்தான். கடைசிக் கடைவாய்ப் பல் வரைக்கும், உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் முடித்து, நாக்கை வழித்து, கிண்ணத்தை எடுத்தான். நம்பிக்கையோடு சொன்னான் என்று சொன்னால் பொய். பழக்கத்தில் சொன்னான்.

"துப்புங்கண்ணே."

அண்ணன் உதடு அசைந்தது. நுரை சரியாகப் பார்க்கக் குனிந்தான். உதடு மூடிற்று. கோணலாக மூடிற்று, ஆனால் மூடிற்று. கன்னம் உப்பியது. மூச்சைச் சேர்த்தார். பிறகு ஒரே ஊது.

கிண்ணத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மொத்தமும் நுரையின் முகத்தில். இடது கன்னத்தில், மூக்கில், ஒரு இமை மேலே.

அப்புறம் நுரை வீடே அதிர ஒரு கத்துக் கத்தினான்.

"அண்ணி! துப்பிட்டாரு! அண்ணி, அண்ணன் என் மூஞ்சியில துப்பிட்டாரு!"

கேட்டவர்கள் அடிதடி என்றுதான் நினைத்திருப்பார்கள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணி கையில் சீப்போடு ஓடி வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே முந்தானையை நீட்டினார்.

"தொடச்சுக்கோங்க தம்பி."

"இருக்கட்டும் அண்ணி."

வண்டி வந்தது. ஏற்றினார்கள், போனார்கள். வழியெல்லாம் அவன் முகத்தில் பேஸ்ட் காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்றது. வரவேற்பில் இருந்த பெண் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி ஜாடை செய்தாள். நுரை பெருமையாகத் தலையாட்டினான். வாய் நர்ஸ் மட்டும் பார்த்த உடனே புரிந்துகொண்டார்.

"துப்பிட்டாரா?"

"துப்பிட்டாரு சிஸ்டர். குறிதான் கொஞ்சம் தப்பிடுச்சு."

அவர் அண்ணனின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். நாக்கு சிவப்பு, ஈறு ரோஜா நிறம், பல் பளிச். டாக்டரைக் கூப்பிட்டு, "இதைப் பாருங்க சார், கார் கழுவறவர் வேலை" என்றார். நுரைக்குக் காது வரைக்கும் சூடாயிற்று.

ஒரு மெல்லிய கேமராவை மூக்கு வழியாக விட்டு, கெட்டியாகக் குழைத்த எதையோ கரண்டியால் கொடுத்துப் பார்த்தார்கள். அண்ணிக்கும் நுரைக்கும் வெளியே பெஞ்சில் நாற்பது நிமிடம் நாற்பது யுகமாகப் போனது. அண்ணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கதவு திறந்தது. டாக்டர், "கெட்டியானதைப் பத்திரமா விழுங்கறார். நெஞ்சுக்குள்ள ஒரு துளி போகலை. கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம், மூக்குக் குழாயை எடுத்துட்டேன்," என்றார். அண்ணி கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

உள்ளே போனார்கள். குழாய் இல்லாத முகம் எவ்வளவு சின்னதாக இருந்தது! வாய் நர்ஸ் டீயை ஏதோ ஒரு பொடி போட்டுக் கெட்டியாக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தார். அண்ணி அரைக் கரண்டி கொடுத்தார். அண்ணன் மோவாயை இறக்கினார், கண்ணை மூடினார், விழுங்கினார். கண்ணைத் திறந்ததும் முகம் சுளித்து, இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

எல்லாரும் பதறிப் போனார்கள். நுரைக்கு மட்டும் புரிந்தது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். டீ ஆறிடுச்சாம்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துப் போனார். அண்ணன் இடது கையை நீட்டித் தம்பியைக் கிட்டே வரச் சொன்னார். நுரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இன்னும் கிட்டே என்று கை சொன்னது. பல் தேய்க்கிற தூரத்துக்குக் குனிந்தான். அண்ணன் அவன் கன்னத்தில் காய்ந்து கிடந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தலையணைப் பக்கத்தில் கிடந்த ஈரத் துணியைத் துழாவி எடுத்தார்.

நுரை துணிக்குக் கை நீட்டினான். அண்ணன் கொடுக்கவில்லை. அவன் கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழக்கமில்லாத அந்த இடது கையால், கன்னத்தை, மூக்கை, கடைசியில் இமையை, ஒவ்வொன்றாக, மெதுவாக, தானே துடைத்து விட்டார்.